பூட்டிய வீட்டில் யாரும் இல்லை என்றேன்

பூட்டிய வீட்டுக்குள் யாரும் இல்லை என்று சொன்னேன். உள்ளே ஒரு மனிதன் தூங்கிக்கொண்டிருந்தான்.

இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை தெரியாமல் சொன்னதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் தடவை தெரிந்தே சொன்னேன்.

அந்தப் பழி ஒரு பெண்ணின் தலையில் போய் விழுந்தது. அதை என் தலைக்கு மாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையை நான் இன்றுவரை சொல்லவில்லை. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதால் வந்த தைரியம் இது. அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

திட்ட நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டால் இன்னும் நன்றாகத் திட்டலாம்.

நான் ஆவடியில் ஒரு பயிற்சி மையத்தில் போட்டித் தேர்வுக்குப் பாடம் எடுப்பவன். வங்கி, ரயில்வே, போலீஸ்... எந்தத் தேர்வானாலும் ரீசனிங் என்றால் என்னிடம்தான் அனுப்புவார்கள். வயது ஐம்பதை நெருங்குகிறது. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் காமெடி சார். அந்தப் பெயரில் எனக்கு ரகசியமாகப் பெருமை உண்டு.

புது வகுப்பு வந்தால் முதல் நாள் இந்தக் கேள்வியைத்தான் போடுவேன். மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது. மழை பெய்ததா?

"பெய்ஞ்சுது சார்!" என்று மொத்த வகுப்பும் கத்தும்.

"ஏம்மா, உங்க தெருவுக்குத் தண்ணி லாரியே வராதா? வழியெல்லாம் ஒழுகிக்கினே போவாதா?"

சிரிப்பு அடங்கியதும் பலகையில் பெரிதாக எழுதுவேன்: தரவு போதாது. கையில் இருக்கிற பாதித் தகவலை வைத்துக்கொண்டு முழு முடிவுக்குத் தாவாதே! கண்ணில் படாத தகவல் எது என்று முதலில் கேள்! இதைச் சொல்லும்போது ஒரு விரலைக்கூட உயர்த்துவேன்... என்ன திமிர்! எத்தனை வருஷத் திமிர்!

கோவில்பதாகையில், ஏரித் தண்ணீர் வழிந்து போகும் கால்வாய்க்குப் பக்கத்தில் எங்கள் தெரு. மாடியும் கீழுமாக இரண்டு குடித்தனம் உள்ள வீடு. மாடியில் நானும் என் மனைவி சாந்தியும். கீழே தயாளனும் அவன் மனைவி மலரும்.

தயாளன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுபவன். அவன் அப்பா பகலெல்லாம் அடுத்தவர் வயலில் நின்றவர். இவன் இரவெல்லாம் மெஷின் முன்னால் நின்றான். விடிந்து வந்து படுத்தால் பிற்பகல்வரை எழமாட்டான். மலர் பூந்தமல்லியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். அவன் சாப்பிட்டுப் படுத்ததும் அவள் கிளம்புவாள். போகும்போது வெளிக் கிரில்லைப் பூட்டிக்கொண்டு போவாள்.

புருஷனை வைத்துப் பூட்டுவதா என்று கேட்காதீர்கள். நைட் ஷிஃப்ட் குடும்பங்களில் இது வழக்கம்தான். கூரியர், சிலிண்டர், கோயில் சந்தா என்று யாராவது வந்து மணியை அடித்து எழுப்பிவிடுவார்கள். பூட்டைப் பார்த்தால் பேசாமல் போய்விடுவார்கள். அவனுக்கு நிம்மதியாகத் தூக்கம். அதற்கும் மேல் காதில் பஞ்சு வேறு வைத்துக்கொள்வான்.

எழுந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பான்.

"அண்ணாத்தே! ஜெயில்லேர்ந்து ரிலீஸ் பண்ணு அண்ணாத்தே!"

கிரில்லில் கொசுவலை அடித்திருந்ததால் உள்ளே இருந்து பூட்டைத் தொட முடியாது. ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டுவான். நான் இறங்கி வந்து திறப்பேன். "நன்னடத்தை காரணமா விடுதலை, நைனா. வெளிய போய் ஒயுங்கா பொயச்சிக்கோ" என்பேன். இருவரும் சிரிப்போம்.

ஆகவே, ஊரில் மற்ற எல்லா வீட்டிலும் பூட்டு தொங்கினால் ஆள் இல்லை. அந்த வீட்டில் மட்டும், பகலில் பூட்டு தொங்கினால் ஆள் இருக்கிறான். இது தெருவில் வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியாதா? பூட்டைத் திறந்த கை இது!

சில வருஷத்துக்கு முன்னால் பெய்த அந்தப் பெருமழைக்கு முந்தைய மாலை, புயல் எச்சரிக்கை வந்தவுடன் எங்கள் பக்கத்து ஆட்கள் செய்வதையே நாங்களும் செய்தோம். வண்டிகளைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் விட்டோம். கூப்பிட்டதே தயாளன்தான். "வா அண்ணாத்தே, வண்டிய மேல ஏத்திட்டு வந்துடலாம். போன தபா மாதிரி மெக்கானிக்குக்கு அழுவ முடியாது." என் ஸ்கூட்டரையும் அவனுடைய சிவப்பு பைக்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒரே பிளாஸ்டிக் விரிப்பால் இரண்டையும் மூடிக் கட்டினோம். ஒரு குடையில் நனைந்துகொண்டே திரும்பி வந்தோம். அவன் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போனான். சாந்தி முன்னமே தன் தங்கை வீட்டுக்குத் திருநின்றவூர் போயிருந்தாள்.

மறுநாள் காலை தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். தயாளன் வந்து படுத்தான். மலர் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போலப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

பிறகு ஏரி நிரம்பி வழிந்தது...

தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது. பால்கனியில் நின்று பார்த்தேன். எதிர் வீட்டுக் கோலம் மறைந்தது. அப்புறம் படிக்கட்டு. அப்புறம் கேட்டின் பாதி. மின்சாரம் போயிற்று. செல்போன் டவரும் போயிற்று.

என் பீதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! மாடியில் இருப்பவன் நான். தண்ணீர் என் வாசலைத் தொட வேண்டுமானால் ஆவடி முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவனா? ஊருக்கே போட்டுக் கொடுப்பவன்! ஆனால் பையை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினேன். பைக்குள் என்னவெல்லாம் திணித்தேன் தெரியுமா? மிக்ஸி ஜாரின் மூடி. ஜார் இல்லை, மூடி மட்டும்! டிவி ரிமோட். ஒரு புடலங்காய். தலை நனையக் கூடாது என்று பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு படியில் நின்றேன். காமெடி சார்!

மீட்புப் படகு வந்தது. இரண்டு பேர். காலையிலிருந்து துடுப்புப் போட்டு உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. கீழ்வீட்டுக்காரர்களையெல்லாம் ஏற்கெனவே ஏற்றிப் போய்விட்டார்களாம். இது கடைசிச் சுற்று. மாடியில் இருப்பவர்கள் வரவேண்டியதில்லை என்றார்கள். நான் கேட்கவில்லை. வாளியோடு ஏறி உட்கார்ந்தேன்.

இருவரில் பெரியவர் எங்கள் கீழ்வீட்டைக் காட்டிக் கேட்டார். "இந்தக் கீயூட்ல ஆளுங்க கீறாங்களா சார்?"

பார்த்தேன். பூட்டு தொங்கியது. வாசலில் ஒரு ஜோடி செருப்புக்கூட இல்லை. விளக்கு இல்லை. தயாளனின் பைக் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

"யாரும் இல்லைங்க. பூட்டியிருக்கு பாருங்க. வண்டியும் இல்ல."

"எதுக்கும் ஒரு வாட்டி தட்டிப் பாத்துடலாமா?"

"பூட்டின கதவ எதுக்குங்க தட்டணும்? சீக்கிரம் போங்க, தண்ணி ஏறுது!"

நீங்களே சொல்லுங்கள்... பூட்டு, செருப்பு, விளக்கு, வண்டி. என் வகுப்பில் ஒரு பிள்ளை இதை வைத்து 'யாரும் இல்லை' என்று எழுதியிருந்தால் என்ன செய்திருப்பேன்? செருப்பைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கும். தெரு முழுக்கவே விளக்கு இல்லை. வண்டி... வண்டி எங்கே என்று கேட்டிருப்பேன்! நின்ற இடத்தில் விளாசியிருப்பேன்!

அந்த நேரத்தில் பாலம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இது சத்தியம். ஆனால் இந்தச் சத்தியத்தை எனக்கு நானே எத்தனையோ தடவை செய்துகொண்டுவிட்டேன். தேய்ந்துபோன சத்தியம். இப்போது அதன் மேல் எனக்கே சந்தேகம். மறந்தேனா? அல்லது நினைக்காமல் இருப்பது வசதியாக இருந்ததா?

சரி, அது போகட்டும். அங்கேயே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். பயத்தில் தவறிவிட்டான், பாவம் என்று நீங்களும் விட்டுவிடுவீர்கள்.

படகு என்னை இறக்கிய இடம் மேம்பாலத்தின் அடி.

தரையில் கால் வைத்தேன். நிமிர்ந்தேன். பாலத்தின் மேல் வரிசையாக வண்டிகள். காற்றில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு அவிழ்ந்து படபடத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே என் ஸ்கூட்டர். அதன் பக்கத்தில்... சிவப்பு பைக்.

வண்டி இங்கே இருக்கிறது என்றால் அவன் எங்கேயும் போகவில்லை. பூட்டு இருக்கிறது என்றால் உள்ளேதான் இருக்கிறான். காதில் பஞ்சோடு. இதில் தரவு போதாமை என்று ஒன்றுமே இல்லை! என் வாழ்நாளில் இத்தனை தெளிவான முடிவு எனக்குக் கிடைத்ததே இல்லை.

படகு இன்னும் திரும்பவில்லை. இளையவர் துடுப்பை ஊன்றிக்கொண்டு கேட்டார். "அந்தத் தெருவுல வேற யாராச்சும் பாக்கி கீறாங்களா சார்? இல்லன்னா நாங்க பக்கத்து நகருக்குப் போவணும்."

வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன். அப்போது ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. சொன்னால், "அப்ப யாரும் இல்லன்னியே?" என்று கேட்பார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். "வா, வந்து ஊட்டக் காட்டு" என்பார்கள். மறுபடியும் அந்தப் படகில் ஏற வேண்டும். அந்தக் கறுத்த தண்ணீருக்குள் போக வேண்டும்.

திறந்த வாயிலிருந்து வெளியே வந்தது ஒரு ஜோக்.

"எல்லாரும் வந்தாச்சு தம்பி. என் மானம் ஒண்ணுதான் அங்க மெதக்குது, அத வுட்டுடுங்க!"

இருவரும் சிரித்தார்கள். காலையிலிருந்து முதல் சிரிப்பாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே படகைத் திருப்பிப் பக்கத்து நகருக்குப் போனார்கள்.

என்னை அடித்துப்போட்டால்கூட அந்தச் சிரிப்புச் சத்தம் காதிலிருந்து போகாது...

தயாளன் கண் விழித்தபோது தண்ணீர் கட்டிலுக்கு வந்துவிட்டிருந்தது. ஜன்னலுக்கு வந்து கத்தினான். யாரை என்கிறீர்கள்? என்னைத்தான். "அண்ணாத்தே, அண்ணாத்தே" என்று தொண்டை கிழியக் கத்தினானாம். சமையலறை மேடையில் ஏறி நின்றான். அங்கே இருந்த ஜன்னல் ஊறிப்போய்த் திறக்கவில்லை. கண்ணாடியைக் கையால் உடைத்தான். மணிக்கட்டுக்கு மேல் கிழிந்தது. காயத்தில் மலரின் புடவையைச் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையால் குக்கர் மூடியை எடுத்துக் கம்பியில் அடித்துக்கொண்டே இருந்தான். பொழுது சாயும் நேரத்தில் தெருக்கோடி மாடியில் இருந்த இருவருக்கு அது கேட்டது. கழுத்தளவு தண்ணீரில் வந்து கடப்பாரையால் பூட்டை உடைத்தார்கள்.

உயிர் பிழைத்தான். வலது கையில் இரண்டு விரல் இன்றும் மடங்குவதில்லை. லேத் ஓட்டிய கை. கம்பெனியில் இப்போது ராத்திரிக் காவலுக்குக் கேட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் மருத்துவமனை வராந்தாவில் பாரிவாக்கத்திலிருந்து வந்த அவன் அக்கா, மலரைப் பார்த்ததும் வெடித்தாள். "எலிப் பொறியில வெச்ச மாதிரி என் தம்பிய உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போனியேடி! உனக்கு வேல முக்கியமா, அவன் முக்கியமா?"

மலர் சுவரைப் பார்த்து நின்றாள். நான் அங்கே இருந்தேன். பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். "விடுங்கம்மா, யாரும் வேணும்னு செய்யல" என்று சமாதானம் சொன்னேன். நான்! சமாதானம்!

தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. பூட்டியவள் அவள், ஆகவே குற்றம் அவளுடையது. இதுவும் பாதித் தகவல்தான். மீதிப் பாதி என் சட்டைப் பைக்குள் இருந்தது.

அவளும் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டாள். வேலையை விட்டாள். பூட்டிய கதவு, சாத்திய கதவு எதுவானாலும் அதற்குப் பின்னால் தயாளனுக்குத் தூக்கம் வருவதில்லை. ஆகவே கதவைத் திறந்து போட்டு அவன் தூங்க, பகல் முழுக்க அவள் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து யாரும் மணி அடிக்காமல் பார்த்துக்கொண்டாள். நான் வெளியே போனாலும் வந்தாலும் அவளைத் தாண்டித்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு ஜோக் சொல்வேன். சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வரும்வரை என்னால் அவளைக் கடந்து போக முடியாது.

போன மாதம், மழைக்காலத்துக்கு முன்னால் தெரு நலச்சங்கக் கூட்டம். ஆளை உள்ளே வைத்து வெளியே பூட்டக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடலாம் என்றார் செயலாளர். எல்லாத் தலையும் மலர் பக்கம் திரும்பியது. அவள் எழுந்தாள்.

"தப்பு என்னுதுதாங்க. எழுதிக்குங்க" என்றாள்.

புதிதாகக் குடிவந்த ஃபிளாட்காரர்கள் என்ன நடந்தது என்று கேட்டார்கள். "நம்ம சார் சொல்லட்டும், கடைசி போட்ல வந்தவரே அவருதான்" என்றார் செயலாளர்.

எழுந்தேன். இதோ, இப்போது சொல்லிவிடலாம்... முகங்களைப் பார்த்தேன். சிரிப்பதற்குத் தயாராக இருந்தார்கள். மிக்ஸி மூடியிலிருந்து ஆரம்பித்தேன். புடலங்காயைச் சொன்னேன். வாளியைச் சொன்னேன். பாலத்தைச் சொல்லவில்லை. கூட்டம் குலுங்கியது. தயாளன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். முடிந்ததும் மடங்காத விரல்களால் என் தோளைத் தட்டினான்.

"நீ மட்டும் அன்னிக்கு பயப்படாம மேல இருந்திருந்தா, மொத சத்தத்துலயே வந்து தொறந்திருப்ப அண்ணாத்தே. எனக்குத் தெரியும்."

என்ன பதில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அதுவும் ஒரு ஜோக்தான்.

கடைசியாக ஒன்று. நேற்று மாலை மலர் மாடிக்கு வந்தாள். கையில் ஒரு சாவி.

"பழைய எடத்துலயே மறுபடி வேலைக்குக் கூப்புடுறாங்கண்ணா. அவர்கிட்ட சொன்னேன். மொதல்ல முடியாதுன்னாரு. அப்புறம், அண்ணாத்தே கையில சாவி இருந்தா நான் பூட்டிக்கினு தூங்குறேன்னு அவரே சொன்னாரு. சங்கத்துல போட்ட தீர்மானம்லாம் இருக்கட்டும். நீங்க வெச்சிக்கிறீங்களா? உங்கள நம்பித்தான் போறேன்."

அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. அந்த முகத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால் அவள் மேல் விழுந்த பழி போய்விடும். அதோடு அந்த வேலையும் போய்விடும். என் கையில் சாவி கொடுக்க அவன் எப்படிச் சம்மதிப்பான்? சொல்லாவிட்டால் வேலை கிடைக்கும். பழி அவளோடேயே இருக்கும். இப்படி ஒரு நியாயத்தை நானே கட்டிக்கொண்டேன். இது நியாயமா, இல்லை இன்னொரு ஒளிவிடமா? எனக்குத் தெரியவில்லை. ரீசனிங் வாத்தியாருக்குத் தெரியவில்லை!

"குடும்மா" என்றேன். வாங்கிக்கொண்டேன். ஜோக் எதுவும் வரவில்லை. அவள் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனாள்.

இன்று காலை அவள் கிளம்பினாள். கீழே பூட்டு விழும் சத்தம் கேட்டது. வகுப்புக்கு வரவில்லை என்று மையத்துக்குச் சொல்லிவிட்டேன். இப்போது பால்கனியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நடுவில் மூன்று தடவையோ நான்கு தடவையோ இறங்கிப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, குழந்தையைப்போலத் தூங்குகிறான்.

ஏரிப் பக்கம் வானம் கறுத்திருக்கிறது. தூறல் ஆரம்பித்துவிட்டது.

இந்தத் தடவை ஓடமாட்டேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் வாளியை இப்போதே எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன். சாவியை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். உள்ளங்கையில் அதன் பல் பதிந்து வலிக்கிறது.

அவனுக்கு என் மேல் நம்பிக்கை இருக்கிறது. எனக்கு இல்லை.